பின்னாலே வருகிறவன் எங்கே?

வேத வாசிப்பு: உபாகமம் 25:17, 18, 1 சாமுவேல் 30-ம் அதிகாரம்



இந்த மாதம் உங்களுக்கு ஒரு செய்தியைக் கொடுக்கும்படி நான் ஜெபத்தில் காத்திருந்தபோது, ஆவியானவர் திரும்பத் திரும்ப ஒரே ஒரு காரியத்தைத்தான் எனக்கு நினைப்பூட்டினார். அது எனக்குப் பெருமையான காரியம் அல்ல. எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று நாள் போராடினேன். ஊழியக்காரன் தன் ஜெயத்தை மாத்திரம் எழுதினால் சபை வளராது என்று என் மனைவி சொன்னாள். ஆகவே எழுதுகிறேன்.

சென்ற குளிர்காலத்திலே நம் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள், "ஐயா, ஒரு நாளாவது மலைக்குப் போய் ஜெபிச்சுட்டு வரலாமுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் சம்மதித்தேன். நீலகிரியிலே அவலாஞ்சிக்கு மேலே இருக்கிற கோலாரிபெட்டா சிகரத்தைத் தெரிந்துகொண்டோம். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கோலாரிபெட்டா 2,629 மீட்டர். எட்டு மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் தொட்டபெட்டாவுக்குக் காரிலேயே போய் இறங்கி, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரலாம். கோலாரிபெட்டாவிலே கடையும் கிடையாது, ரோடும் கிடையாது. புல்வெளி, சோலைக்காடு, பாறை, மேகம், அவ்வளவுதான்.

வனத்துறையின் அனுமதியோடும், வழிகாட்டிகளோடும்தான் போனோம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2018 மார்ச் 11-ந் தேதியை நாம் மறக்கக்கூடாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையிலே காட்டுத்தீ பிடித்தபோது, மலையேறப் போயிருந்த சென்னைப் பிள்ளைகளும், நம்ம ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகளும் அதிலே அகப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எத்தனை தாய்மார் அன்றைக்கு அலறினார்கள்! அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசாங்கம் விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில், நாற்பது பாதைகளைத் தெரிந்தெடுத்து, மலைவாசிப் பிள்ளைகளையே பயிற்றுவித்து வழிகாட்டிகளாக வைத்து ஒரு திட்டமும் ஆரம்பித்தார்கள். அந்த நாற்பதில் ஒன்றுதான் அவலாஞ்சி - கோலாரிபெட்டா பாதை. மலை விளையாட்டு ஸ்தலம் அல்ல, தேவபிள்ளைகளே. விசுவாசம் இருக்கிறது என்று சொல்லி ஒழுங்கை மீறுகிறது விசுவாசம் அல்ல. அது தேவனைப் பரீட்சை பார்க்கிறது.

நாங்கள் பதினான்கு பேர். ராத்திரி இரண்டு மணிக்கு வேனை எடுத்து, மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, எமரால்டு வழியாக விடியும்போது அவலாஞ்சிக்கு வந்து சேர்ந்தோம். புல்லின்மேல் உப்பைக் கொட்டினதுபோல உறைபனி. நம்ம கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 400 மீட்டர்தான். அங்கே 2,000 மீட்டரையும் தாண்டி நிற்கிறோம். உச்சிக்குப் போகப்போக காற்றிலே கால் பங்கு குறைந்துவிடும். இங்கே ஆராதனையிலே ஒரு மணி நேரம் குதிக்கிற வாலிபன், அங்கே பத்து நிமிஷத்திலே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறான்.

அந்த மலைகளின் தண்ணீர்தான் குந்தாவிலும் பவானியிலும் ஓடி வந்து பில்லூரில் சேருகிறது. அந்தப் பில்லூர்த் தண்ணீர்தான் நம்மில் அநேகர் வீட்டுக் குழாயில் வருகிறது. "நாம தினமும் குடிக்கிற தண்ணிக்கு வேர் இங்கதான் இருக்குதுங்க ஐயா" என்று ஒரு சகோதரி சொன்னபோது, எல்லாரும் கை தட்டி கர்த்தரைத் துதித்தோம்.

வழிகாட்டிகள் இரண்டு பேர். ஒருவர் முன்னே நடப்பார், ஒருவர் கடைசியில் வருவார். புறப்படும்போது முன்னே நடக்கிற தம்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "முன்னால போறவனுக்கு வழி தெரிஞ்சா போதும். பின்னால வர்றவனுக்குத்தான் ஆளு வேணும்."

நல்ல வார்த்தை. நான் அதற்கு ஆமென் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

பாதி வழியில், கடைசியில் வந்த வழிகாட்டியைப் பார்த்து, "தம்பி, நீங்க முன்னால போய் அந்தப் பிள்ளைகளைப் பாறையில ஏத்தி விடுங்க. கடைசியில நான் வர்றேன். நான் மேய்ப்பன்தானே, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். அவருக்கு மனதில்லை. மறுபடியும் வற்புறுத்தினேன். வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் முன்னே போனார்.

அரை மணி நேரம் என் வார்த்தையைக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு மேகம் இறங்க ஆரம்பித்தது. உச்சி மூடிப்போவதற்கு முன்னே அங்கே நின்று, கைகளை உயர்த்தி, கொங்கு நாட்டை நோக்கி ஜெபிக்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு வந்தது. அதை யாராவது போனிலே படம் எடுத்தால் நன்றாயிருக்கும் என்கிற ஆசையும் இருந்தது. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. கையையும் காலையும் ஊன்றிப் பாறையில் ஏறி, ஒருவர் ஒருவராக எல்லாரையும் தாண்டி நான் முன்னே போய்விட்டேன். மேலே போகிற பிள்ளைகள் உரத்த சத்தமாய்ப் பாடிக்கொண்டு போனார்கள். நானும் அவர்களோடே பாடினேன்.

உச்சியிலே சேர்ந்தவுடனே வழிகாட்டித் தம்பி ஆள் கணக்கு எடுத்தார். பதின்மூன்று. மறுபடியும் எண்ணினார். பதின்மூன்று. என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, கடைசியில யாரு வந்தாங்க?"

தேவபிள்ளைகளே, இருபது வருஷத்துக்கு மேலாகப் பிரசங்கிக்கிற என் வாயிலே அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

சுற்றிலும் வெள்ளையாக மேகம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. "யாரும் நகரக்கூடாது, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சு உட்காருங்க" என்று சொல்லி, ஒருவரை எங்களோடே வைத்துவிட்டு, மற்றவர் விசிலை ஊதிக்கொண்டே இறங்கிப் போனார். நாற்பது நிமிஷம். என்னுடைய பெரிய ஜெபம் எல்லாம் போய்விட்டது. "ஆண்டவரே, அவன் தாய்க்கு நான் என்ன சொல்லுவேன்?" என்பது மாத்திரமே என் ஜெபமாயிருந்தது.

கடைசியில் கீழே இருந்து இரண்டு விசில் சத்தம் கேட்டது. கண்டுபிடித்துவிட்டார்! சோலைக்காட்டு ஓரத்திலே, காட்டுமாடு நடந்து நடந்து உண்டான ஒரு தடம் நம் பாதையைப் போலவே பிரிந்து போகிறது. அதற்குப் பக்கத்திலே நம் தம்பி உட்கார்ந்திருந்தான். அந்தத் தடத்திலே போயிருந்தால் எங்கே போயிருப்பானோ, கர்த்தர் காத்தார். அல்லேலூயா! அவன் போட்டிருந்த ஷூ இரவல் ஷூ. அடி பிய்ந்து தொங்கிவிட்டது. கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தான். குதிகாலில் ரத்தம். குளிரிலே உதடு நீலம் பூத்திருந்தது.

நான் இறங்கி ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து, "ஏன் தம்பி, கூப்பிடக்கூடாதா?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னான்: "கூப்பிட்டேனுங்க ஐயா. ரெண்டு மூணு தரம் கூப்பிட்டேன். நீங்க எல்லாரும் பாடிட்டு இருந்தீங்க. கேக்கலைங்க."

அன்பானவர்களே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தச் செய்தி. நம்முடைய பாட்டுச் சத்தத்திலே ஒருவனுடைய கூக்குரல் மறைந்துபோயிற்று.

இறங்கும்போது நான் அவனோடே கடைசியில் நடந்தேன். அப்போதுதான் அவன் மனது திறந்தான். அவன் வேலை செய்த லேத் பட்டறையை மூடி நாலு மாதம் ஆகிவிட்டது. தகப்பன் இல்லை. தாயின் வைத்தியத்துக்கு வாங்கின கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை. மூன்று மாதமாக வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிந்தி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னே எழுந்து போய்விடுவான். "இன்னைக்கு மலைக்கு வந்ததே, இதுதான் கடைசி, இதோட சபைக்கு வர்றதை நிறுத்திக்கலாம்னு நினைச்சுத்தானுங்க வந்தேன்" என்றான். அவனுடைய போஷகர் நான்தான். எனக்கு இவைகளில் ஒன்றும் தெரியாது.

பிரியமானவர்களே, வேதத்துக்கு வாருங்கள். மூன்று காரியங்களை உங்கள் இருதயத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. சத்துரு பின்வரிசையைத்தான் தாக்குகிறான்

யாத்திராகமம் 17-ம் அதிகாரத்தை நாம் அநேகந்தரம் பிரசங்கித்திருக்கிறோம். மோசே மலையுச்சியில் நிற்கிறார். கைகளை உயர்த்துகிறார். ஆரோனும் ஊரும் அந்தக் கைகளைத் தாங்குகிறார்கள். யோசுவா கீழே அமலேக்கை முறியடிக்கிறான். எவ்வளவு அருமையான ஜெயம்! உபவாச ஜெபத்துக்கெல்லாம் அதுதான் நமக்குப் பிடித்த பகுதி.

ஆனால் அந்த யுத்தம் எப்படி ஆரம்பித்தது என்பதை நாற்பது வருஷம் கழித்து மோசேயே சொல்லுகிறார். உபாகமம் 25-ஐ வாசியுங்கள். அமலேக்கியன் முன்வரிசைக்கு வரவில்லை. மோசே இருக்கிற பக்கம் வரவில்லை. இளைத்து, களைத்து, கூட்டத்துக்குப் பின்னாலே தங்கித் தங்கி வந்த பலவீனரைத்தான் வெட்டினான். மலையுச்சியின் ஜெயத்தை ஞாபகம் வைத்திருக்கிற நாம், பின்வரிசையில் செத்தவர்களை மறந்துபோனோம். கர்த்தரோ மறக்கவில்லை. நினைத்துக்கொள் என்று இஸ்ரவேலுக்குக் கட்டளையே கொடுத்தார்.

இன்றைக்கும் அப்படித்தான். மேடையில் இருக்கிறவனுக்கு நூறு பேர் ஜெபிக்கிறார்கள். பாடகர் குழுவில் இருக்கிறவன் ஒரு வாரம் வராவிட்டால் உடனே போன் போகிறது. கடைசி பாயில் உட்காருகிற விதவைத் தாய்க்கு யார் போன் போடுகிறார்கள்? ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடே வந்து தூணில் சாய்ந்துகொள்கிற திருப்பூர் பனியன் கம்பெனித் தம்பியை யார் விசாரிக்கிறார்கள்? அவனைத்தான் சத்துரு குறிவைக்கிறான்.

2. கைவிட்டுப் போகிறது அமலேக்கின் குணம், காத்திருக்கிறது தாவீதின் குணம்

1 சாமுவேல் 30-ல் ஒரு எகிப்தியப் பையனைப் பார்க்கிறோம். அவன் ஒரு அமலேக்கியனுடைய வேலைக்காரன். வியாதிப்பட்டான். எஜமான் என்ன செய்தான்? நட, இல்லாவிட்டால் கிட என்று வெளியிலே விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் சோறும் தண்ணீரும் இல்லை. தாவீதின் ஆட்கள் அவனைக் கண்டெடுத்து, அப்பமும், தண்ணீரும், அத்திப்பழ அடையும், திராட்சை வற்றலும் கொடுத்தார்கள். அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகு சத்துருவின் பாளையத்துக்கு வழிகாட்டினவன் யார்? அதே பையன்தான்! அமலேக்கு வேண்டாம் என்று விட்டவன் தாவீதுக்கு வழிகாட்டியானான்.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. அறுநூறு பேர் புறப்பட்டார்கள். பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேருக்குக் கால் ஓயவில்லை, உயிரே ஓய்ந்துபோயிற்று. அவர்களால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. ஜெயித்துத் திரும்பி வந்தபோது சிலர், யுத்தத்துக்கு வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது என்றார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கு என்ன பங்கோ, மூட்டையைக் காத்தவனுக்கும் அதே பங்கு என்று தீர்த்தான். அன்று முதல் அது இஸ்ரவேலில் பிரமாணமாயிற்று.

யாக்கோபைப் பாருங்கள். ஆதியாகமம் 33-ல் ஏசா, வா, சேர்ந்து வேகமாய்ப் போகலாம் என்று அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளசு, பால் கொடுக்கிற ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரு நாள் துரத்தி ஓட்டினாலும் மந்தையெல்லாம் செத்துப்போகும், நான் அவைகளின் நடைக்குத் தக்கபடி மெதுவாய் வருகிறேன் என்கிறான். நம்ம கொங்குச் சீமையில் ஆடு மேய்க்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார். நொண்டி ஆட்டின் நடைதான் பட்டியின் நடை. எழுப்புதல் எழுப்புதல் என்று ஓடுகிறோம். நல்லதுதான். ஆனால் போய்ச் சேர்ந்தபின் ஆள் கணக்கு எடுத்தால் குறைகிறதே!

3. நம் ஆண்டவர் சத்தத்தின் நடுவிலே நின்று கேட்கிறவர்

எரிகோவைவிட்டுப் புறப்படுகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மாற்கு 10-ம் அதிகாரம். திரள் ஜனம், பெருத்த சத்தம். வழியோரத்தில் பர்திமேயு கூப்பிடுகிறான். முன்னே போகிற பக்திமான்கள் அவனை என்ன சொன்னார்கள்? பேசாதிரு என்று அதட்டினார்கள். இயேசுவோ நின்றார். சிலுவையைச் சுமக்க எருசலேமுக்குப் போகிறவர், அவ்வளவு பெரிய வேலையோடு போகிறவர், ஒரு குருடனுக்காக நின்றார்.

மறுரூப மலையிலும் இதைக் காண்கிறோம். பேதுருவுக்கு அங்கேயே கூடாரம் போட்டுத் தங்க ஆசை. எனக்கும் கோலாரிபெட்டாவிலே அந்த ஆசைதான். ஆனால் மலையடிவாரத்திலே, பிசாசு அலைக்கழிக்கிற ஒரு மகனை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் அழுதுகொண்டிருந்தான். இயேசு மகிமையைவிட்டு இறங்கி வந்து அவனிடத்துக்குப் போனார். உச்சி அனுபவம் உனக்கு உண்டா? ஸ்தோத்திரம். அது உன்னைக் கீழே இருக்கிறவனிடத்துக்குக் கொண்டுவந்ததா? அதுதான் கேள்வி.

பின்னாலே காவலாய் வருகிறவர் என்று ஏசாயா 52-ல் கர்த்தருக்கே பேர் உண்டு. முன்னே போகிறவரும் அவர்தான், கடைசியில் வருகிறவரும் அவர்தான். நான் என் இடத்தை விட்டு ஓடினபோது, அவர் அந்த இடத்தை விட்டு ஓடவில்லை. அந்தக் காட்டுமாட்டுத் தடத்தின் ஓரத்திலே அந்தப் பிள்ளையோடே உட்கார்ந்திருந்தவர் அவரே. அல்லேலூயா!

இப்போது என்ன செய்யப் போகிறோம்?

கேட்டுவிட்டு, நல்ல செய்தி ஐயா என்று கை கொடுத்துவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையிலே நான் சபைக்கு முன்பாக அந்தத் தம்பியிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மூப்பர்களோடு உட்கார்ந்து ஒரு ஒழுங்கு செய்தோம். எண்ணாகமம் 10-ல் எல்லாப் பாளயங்களுக்கும் பின்னாலே, கடைசியில் புறப்படுகிற வேலை தாண் கோத்திரத்துக்குக் கொடுக்கப்பட்டது. அது மட்டமான வேலை அல்ல. கொடியோடே கொடுக்கப்பட்ட வேலை. நம் சபையிலும் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேரை அப்படி நியமித்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வராதவர் யார் என்று அன்று சாயங்காலமே அவர்கள் எழுதிக்கொள்வார்கள். புதன்கிழமைக்குள்ளே நேரில் போய்ப் பார்ப்பார்கள். போகும்போது, ஏன் வரவில்லை என்று அதட்டக்கூடாது. சாப்பிட்டீங்களா, வேலை எப்படி, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்றுதான் கேட்க வேண்டும். அத்திப்பழ அடை முந்தி, விசாரணை பிந்தி! தாவீது அப்படித்தான் செய்தான்.

ஆராதனையிலும் ஒரு மாற்றம். துதி முடிந்தபின் ஐந்து நிமிஷம் வாத்தியங்கள் எல்லாம் நிற்கும். அந்த அமைதியிலே பக்கத்தில் இருக்கிறவரைத் திரும்பிப் பாருங்கள். பின்னாலே திரும்பிப் பாருங்கள். சத்தம் போட்டுத் துதிக்கிறதை நான் குறை சொல்லவில்லை. நாம் பெந்தெகொஸ்தேக்காரர், நம்மால் சும்மா இருக்க முடியாது. ஆனால் கூப்பிடுகிறவன் குரல் கேட்கிற அளவுக்காவது நடுவிலே நிற்போம்.

அந்தத் தம்பியைப் பற்றி விசாரிப்பீர்கள். கடன் இன்னும் முழுவதும் தீரவில்லை. தாயின் சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். சபைச் சகோதரர் ஒருவருடைய பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின்பு, கேட் பக்கத்தில் நின்று கடைசி ஆள் பஸ் ஏறுகிறவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போகிறான். நாங்கள் சொல்லி அவன் செய்யவில்லை.

இதை வாசிக்கிற நீங்களே பின்தங்கிப்போனவராய் இருக்கலாம். கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் கேட்கலை என்று சலித்துப்போய் உட்கார்ந்திருக்கலாம். சகோதரனே, சகோதரியே, எங்களை மன்னியுங்கள். வேறு தடத்திலே இறங்கிவிடாதீர்கள். இருக்கிற இடத்திலேயே இன்னும் ஒருதரம் கூப்பிடுங்கள். கர்த்தர் கேட்கிறார். நாங்களும் வருகிறோம்.

ஜெபிப்போம்: எங்கள் நல்ல மேய்ப்பரே, முன்னே ஓடின எங்கள் கால்களை மன்னியும். எங்கள் சத்தத்தால் நாங்கள் கேளாமற்போன கூக்குரல்களுக்காக எங்களை மன்னியும். இளைத்தவர்களின் நடைக்குத் தக்கபடி நடக்கிற இருதயத்தைத் தாரும். நீர் எங்கள் கையில் கொடுத்தவர்களில் ஒருவரும் குறையாதபடி கூட்டிக்கொண்டு வரக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போஷகர்